மூத்தவனுக்கே பட்டம் என்றால் சந்தனு எப்படி அரசன் ஆனான்?

வாசகர் கேள்வி, ஜூன் 2

தருமன் துரியோதனனைவிட மூத்தவன். குரு வம்சத்தில் மூத்தவனுக்கே பட்டம். வழக்கு அத்தோடு முடிந்தது. துரியோதனன் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு என்று பேசுகிறவர்கள் பாரதத்தை முழுதாகப் படிக்காதவர்கள். மறுக்க முடியுமா?

ஜூன் 2, இரவு

தருமன் மூத்தவன் என்பதில் தகராறு கிடையாது. துரியோதனன் பிறந்ததும் திருதராஷ்டிரன் பெரியவர்களைக் கூட்டிவைத்துக் கேட்பதே அதை வைத்துத்தான். யுதிஷ்டிரன் மூத்தவன், அரசு அவனுக்கு, அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை; அவனுக்குப் பிறகாவது இவன் அரசன் ஆவானா என்கிறான். கேட்ட மாத்திரத்தில் நரிகள் ஊளையிடுகின்றன. இந்தப் பிள்ளையை விட்டுவிடுங்கள் என்கிறார் விதுரர்.

எனக்கு இடிப்பது உங்கள் இரண்டாவது வாக்கியம். குரு வம்சத்தில் மூத்தவனுக்கே பட்டம் என்று எங்கே இருக்கிறது? மேலிருந்து இறங்கி வாருங்கள். யயாதிக்கு ஐந்து பிள்ளைகள். பட்டம் கடைசிப் பிள்ளை பூருவுக்கு. துஷ்யந்தன் மகன் பரதனுக்கு ஒன்பது பிள்ளைகள். ஒருவனும் தனக்கு ஏற்றவன் இல்லை என்று ஒன்பது பேரையும் ஒதுக்கினான். பிறகு பரத்வாஜர் நடத்திய வேள்வியால் பிறந்த பூமன்யுதான் அடுத்த அரசன். பிரதீபனின் மூத்த மகன் தேவாபி காட்டுக்குப் போனான், சந்தனு ஆண்டான். சந்தனுவின் மூத்த மகன் பீஷ்மர், ஆண்டவர்கள் தம்பிகள். திருதராஷ்டிரன் மூத்தவன், முடி பாண்டுவுக்கு. போர் முடிந்து தருமன் ஆண்டான், சரி. அவனுக்குப் பின்? இரண்டாம் தம்பி அர்ஜுனனின் பேரன் பரீட்சித்து.

இந்த வம்சத்தில் மூத்தவன் பட்டத்துக்கு வந்த இடங்களைத்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

ஜூன் 3

யயாதி கதை எங்கே இருக்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆதி பருவத்தில். தென்னாட்டுப் பாடத்தில் யயாதி கதை முன்னாலும் சகுந்தலை கதை பின்னாலும் வரும், வடநாட்டுப் பதிப்புகளில் மாறியிருக்கும். இல்லை என்று முடிவு கட்டாமல் நாலு பக்கம் முன்பின் புரட்டிப் பாருங்கள்.

கதை தெரிந்ததுதான். தேவயானியின் பிள்ளைகள் யதுவும் துர்வசுவும். சர்மிஷ்டையின் பிள்ளைகள் துருஹ்யு, அனு, பூரு. சர்மிஷ்டை விவகாரம் தெரிந்ததும் சுக்கிராச்சாரியார் மருமகனுக்கு மூப்பைச் சாபமாகக் கொடுக்கிறார். யாராவது வாங்கிக்கொண்டால் கைமாற்றலாம் என்று ஒரு விலக்கு. நாலு பேர் மறுக்க, பூரு வாங்கிக்கொள்கிறான்.

பலரும் இங்கே கதையை நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியமானது அதற்கு அடுத்த காட்சி. பூருவுக்கு முடிசூட்ட யயாதி ஏற்பாடு செய்யும்போது நாலு வருணத்தாரும் திரண்டு வந்து தடுக்கிறார்கள். யது மூத்தவன், சுக்கிரரின் பேரன், அவனைத் தாண்டி இளையவனுக்கு எப்படிச் சூட்டலாம் என்று அரசனை முகத்துக்கு நேராகக் கேட்கிறார்கள். சொன்ன சொல்லைக் கேட்பவனே மகன், யது என்னை மதிக்கவில்லை, பூருவே என் வாரிசு என்பது யயாதியின் பதில். வரம் கொடுத்தவர் சுக்கிரரே என்றதும் மக்கள் ஒப்புக்கொள்கிறார்கள்.

ஆக, மூத்தவனுக்குப் பட்டம் என்ற எண்ணம் மக்களிடம் இருந்தது. அதை மீற அரசன் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. காரணம் போதுமானதாக இருந்தால் மீறலாம் என்பதும் இருந்தது. ‘சட்டம்’ என்று நாம் இன்று சொல்லும் அர்த்தத்தில் அது சட்டம் இல்லை.

ஜூன் 5

தேவாபியைப் பற்றி நிறைய எழுத வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். குரு வம்சத்தின் முழு வழக்கும் இவன் தலையில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். தெருக்கூத்திலும் சரி, தொலைக்காட்சித் தொடர்களிலும் சரி, இவன் பெயரே அடிபடுவதில்லை.

உத்தியோக பருவத்தில் தூது முடிந்து திரும்பிய கண்ணன், அவையில் யார் யார் என்ன பேசினார்கள் என்று தருமனிடம் சொல்கிறான். அதில் திருதராஷ்டிரன் தன் மகனுக்குச் சொன்னதும் வருகிறது. சந்திரனிலிருந்து ஆரம்பித்துப் பரம்பரை சொல்லிக்கொண்டே வந்து தேவாபியிடம் நிற்கிறான். பிரதீபனுக்கு மூன்று மகன்கள். தேவாபி மூத்தவன், அடுத்து பாஹ்லீகன், மூன்றாவது சந்தனு. தேவாபி உண்மை பேசுபவன், கொடையாளி, ஊரும் நாடும் நேசித்த பிள்ளை. ஆனால் தோல் நோய். கிழவன் பிரதீபன் அவனுக்கு முடிசூட்ட எல்லாம் தயார் செய்துவிட்டான். அந்தணர்களும் முதியவர்களும் ஊர்மக்களும் வந்து தடுத்தார்கள். அங்கக்குறை உள்ள அரசனைத் தேவர்கள் ஏற்கமாட்டார்கள் என்றார்கள். பிரதீபன் கண்ணீர் விட்டான். தேவாபி காட்டுக்குப் போனான். பாஹ்லீகன் தாய்மாமன் நாட்டுக்குப் போய்விட்டான். பிரதீபன் இறந்ததும், பாஹ்லீகன் அனுமதி கொடுத்த பிறகே சந்தனு அரசன் ஆனான்.

இதைச் சொல்லிவிட்டுத் திருதராஷ்டிரன் தன்னிடம் வருகிறான். நானும் மூத்தவன்தான், குறை உள்ளவன் என்று என்னையும் ஒதுக்கினார்கள், பாண்டு இளையவனாக இருந்தும் அரசன் ஆனான், அவன் போனபின் நாடு அவன் மக்களுடையது. எனக்கே இல்லாத அரசை நீ எப்படிக் கேட்கிறாய், நீ அரசனின் மகன் இல்லையே!

கண் தெரியாத ஒரு தகப்பன், பெரியப்பாவும் சித்தப்பாவும் தாத்தாவும் உட்கார்ந்திருக்கும் சபையில், பெற்ற மகனைப் பார்த்து நீ அரசனின் மகன் இல்லை என்கிறான். அந்த இடத்தைப் படித்துவிட்டு மேலே போக எனக்கு மனம் வந்ததில்லை.

ஒன்று கவனியுங்கள். திருதராஷ்டிரன் இங்கே தருமன் மூத்தவன் என்று வாதாடவில்லை. பாண்டு அரசனாக இருந்தான், அதனால் அவன் பிள்ளைகளுக்கு உரிமை என்கிறான். கேள்வி கேட்டவர் இதை மட்டுமாவது யோசிக்க வேண்டும்.

ஜூன் 5, கொஞ்சம் கழித்து

தேவாபிக்கு இன்னொரு பழைய கதையும் உண்டு. வேதச் சொற்களுக்குப் பொருள் சொல்லும் யாஸ்கரின் நிருக்தத்தில் நோய் பற்றிய பேச்சே இல்லை. தம்பி சந்தனு முடி சூடிக்கொண்டான், அண்ணன் தவத்துக்குப் போனான், நாட்டில் 12 ஆண்டு மழை இல்லை. அண்ணனைத் தாண்டி முடிசூடிய அதர்மம் இது என்று அந்தணர்கள் சொல்ல, சந்தனு அண்ணனிடம் போய் நாட்டை ஏற்கச் சொல்கிறான். வேண்டாம், நான் உன் புரோகிதனாக இருந்து வேள்வி செய்கிறேன் என்கிறான் தேவாபி. அந்த மழை வேண்டல்தான் ரிக் வேதம் பத்தாம் மண்டலத்தின் 98ஆம் பாடல்.

விஷ்ணு புராணத்தில் இதே கதை கசப்பாகிவிடுகிறது. தேவாபி திரும்பி வந்துவிடக் கூடாது என்று மந்திரி ஒருவன் வேத விரோதிகளைக் காட்டுக்கு அனுப்பி அவன் மனத்தைக் கலைக்கிறான். வேதத்துக்கு எதிராகப் பேசியதால் தேவாபி தகுதி இழந்தான், சந்தனு ஆள்வதில் குற்றம் இல்லை என்று ஆகி மழை பெய்கிறது.

மூன்று நூல், மூன்று காரணம். அண்ணனை ஒதுக்கியது பின்னால் வந்தவர்களை உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது என்றே எனக்குப் படுகிறது.

ஜூன் 6

இது எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டார். இங்கேயே சொல்கிறேன்.

என் தாத்தா இரண்டாவது பிள்ளை. அவருடைய அண்ணனுக்குச் சின்ன வயதிலேயே ஒரு கால் சூம்பிவிட்டது. நிலம், கணக்கு, கல்யாணப் பேச்சு எல்லாம் தாத்தா கைக்கு வந்தது. யாரும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை, அப்படியே ஆகிவிட்டது. கோயிலில் பரிவட்டம் மட்டும் பெரிய தாத்தாவுக்கு. அவர் திண்ணையில் இருந்தால் தாத்தா நின்றுகொண்டுதான் பேசுவார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு மனக்கசப்பும் இருந்ததாக எனக்குத் தெரியாது.

கசப்பு அடுத்த தலைமுறைக்கு வந்தது. பெரிய தாத்தாவின் மகன் எங்கள் வீட்டுப் படி ஏறியதில்லை. எங்கப்பா காலில் குறை இருந்ததே தவிர எங்களுக்கு என்ன குறை என்று கேட்டதாக அம்மா சொல்லுவார். எங்கள் வீட்டில் அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. இன்றைக்கு யோசித்தாலும் என்னிடம் பதில் இல்லை.

ஆதி பருவத்தில், வாரணாவதத்துக்குப் பாண்டவர்களை அனுப்புவதற்கு முன் துரியோதனன் தகப்பனிடம் கேட்பது இதேதான். உங்கள் கண்ணைக் காரணம் காட்டி நாட்டைப் பாண்டு வாங்கினார். இப்போது அது பாண்டுவின் மகனுக்குப் போனால், அப்புறம் அவன் மகனுக்கு, அவன் மகனுக்கு. நாமும் நம் பிள்ளைகளும் அரச வம்சத்திலேயே இல்லாமல் போய், பிறர் போடும் சோற்றில் பிழைக்க வேண்டியதுதான்.

இது திருடன் பேச்சு இல்லை. அதற்குப் பின் அவன் செய்தது வேறு. அரக்கு மாளிகைக்கு எந்த நியாயமும் கிடையாது.

ஜூன் 6, இரவு

பீமனும் துரியோதனனும் ஒரே நாளில் பிறந்தவர்கள் என்பது உண்மையா என்று கேட்டவருக்கு: ஆமாம், ஆதி பருவத்திலேயே இருக்கிறது. காந்தாரி இரண்டு வருடம் சுமந்தாள், குந்திக்கு முதலில் பிள்ளை பிறந்த செய்தி கேட்டு வயிற்றில் அடித்துக்கொண்டாள், வியாசர் வந்து பிண்டத்தை நெய்க்குடங்களில் பிரித்து வைத்தார். குடம் திறந்து துரியோதனன் வந்த நாளில் அங்கே காட்டில் பீமன். ஒரே நாளில் பிறந்த இரண்டு பேரும் ஒரே பலராமனிடம் கதாயுதம் பயின்றார்கள். அத்தனை பேரில் அந்த இரண்டு பேருக்குத்தான் ஒருவரை ஒருவர் பார்க்கவே ஆகாது.

ஜூன் 8

பாஹ்லீகன் என்ன ஆனான் என்று யாரும் கேட்கவில்லையே!

சந்தனுவுக்கு அண்ணன் என்று மேலே சொன்னேன் (பரம்பரை சொல்லும் ஆதி பருவப் பட்டியலில் தம்பியாக வருகிறான்). எப்படியானாலும் பீஷ்மருக்கே அவன் பெரியப்பனோ சித்தப்பனோ. அந்த மனிதன் குருக்ஷேத்திரப் போரில் சண்டை போடுகிறான். துரியோதனனின் 11 அக்குரோணிப் படைகளுக்கும் தலைவர்களாக வைத்த 11 பேரில் பாஹ்லீகனும் ஒருவன், அவன் பேரன் பூரிசிரவஸும் ஒருவன். பதினான்காம் நாள் சூரியன் மறைந்தும் நிற்காமல் நடந்த இரவுப் போரில் பீமனின் கதாயுதம் அவனைக் கொன்றது. போர்க்களத்தில் எல்லோரும் பாட்டனார் என்று பீஷ்மரைச் சொல்லிக்கொண்டிருக்க, அவருக்கும் மேலே ஒரு கிழவர் ஆயுதம் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறார்.

இதில் ஒரு விஷயம் நெடுநாளாக மனத்தில் ஓடுகிறது. சந்தனுவின் கடைசி மகன் விசித்திரவீரியன் பிள்ளையில்லாமல் இறந்தான். திருதராஷ்டிரனும் பாண்டுவும் வியாசரால் பிறந்தவர்கள். வியாசர் பராசரர் மகன். பாண்டவர்கள் தேவர்களால் பிறந்தவர்கள். ஆக, பிரதீபனின் நேர் ரத்தம் என்று பார்த்தால் களத்தில் இருந்தவர்கள் பீஷ்மரும், பாஹ்லீகன், அவன் மகன் சோமதத்தன், பூரிசிரவஸ் என்ற வீட்டாரும்தான். அத்தனை பேரும் கௌரவர் பக்கம். அத்தனை பேரும் மடிந்தார்கள். அரசுக்காக அடித்துக்கொண்ட இரண்டு வீட்டிலும் அந்த ரத்தம் இல்லை. விதை யாருடையது என்பதைவிட நிலம் யாருடையது என்பதே அன்றைய கணக்கு, அதனால் இதை யாரும் குறையாகச் சொல்லவில்லை. வம்சம் என்பது ரத்தம்தான் என்று அடித்துப் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்கலாம்.

ஜூன் 9

‘இதற்குத்தான் ராமாயணம். அங்கே மூத்தவனுக்குப் பட்டம், தம்பிகள் கைகட்டி நிற்பார்கள், குழப்பமே இல்லை’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பரதன் பெயரைச் சொன்னாலே கண் கலங்குகிறவன் நான். ஆனால் குழப்பம் இல்லை என்பதை ஏற்க முடியாது.

இக்ஷ்வாகு குலத்தில் மூத்தவனே அரசன் என்று வசிட்டர் பரதனோடு வந்த இடத்தில் ராமனிடமே சொல்கிறார், உண்மை. ஆனால் அயோத்தியா காண்டத்தில் அதே காட்சியில், பரதன் திரும்பத் திரும்பக் கெஞ்சும்போது ராமன் ஒரு பழைய செய்தியை எடுத்து வைக்கிறான். நம் தந்தை உன் தாயை மணக்கும்போது உன் பாட்டனாருக்கு நாட்டையே பரிசமாகக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்தார். இரண்டு வரங்களுக்கும் முந்தைய வாக்கு இது! கைகேயி கேட்கும்போது இதைச் சொல்லவில்லை, மந்தரையும் சொல்லவில்லை. சொல்கிறவன் நாட்டை இழந்தவன்.

அப்படியானால் பரதனின் உரிமை வெறும் சூழ்ச்சியால் வந்தது இல்லை. சத்தியவதியின் தகப்பன் சந்தனுவிடம் கேட்டதும் இதே நிபந்தனைதான்: என் மகள் வயிற்றுப் பிள்ளைக்கே நாடு. அங்கே மூத்த மகன் பீஷ்மர் முன்வந்து விலகினார். இங்கே மூத்த மகன் ராமன் விலகினான், உரிமை கிடைத்த இளையவனும் விலகினான். பாதுகையை வைத்துவிட்டு நந்திகிராமத்தில் 14 வருடம்.

கைகேயியிடம் முன்மாதிரியும் இருந்தது. சகரன் தன் மூத்த மகன் அசமஞ்சனை வெளியேற்றவில்லையா என்று கேட்கிறாள். சித்தார்த்தன் என்ற கிழ மந்திரி எழுந்து, அவன் குழந்தைகளைப் பிடித்துச் சரயுவில் எறிந்தவன், ராமன் என்ன செய்தான் என்று திருப்பிக் கேட்கிறார். யயாதி சபையில் நடந்த அதே விவாதம், கட்சிகள் மட்டும் இடம் மாறியிருக்கின்றன. மூத்தவனைத் தாண்டலாம், காரணம் காட்டு.

ஜூன் 10

கம்பர் பாட்டு வேண்டும் என்று கேட்டவருக்கு: விபீடணன் அடைக்கலத்தில் ராமன் சகோதரக் கணக்குப் போடுகிறான் அல்லவா, குகனோடு ஐவர், சூரியன் மகனோடு அறுவர், ‘நின்னொடும் எழுவர் ஆனேம்’ என்று. அந்த எழுவரில் சுக்கிரீவனும் விபீடணனும் சொந்த அண்ணனோடு முறிந்து வந்தவர்கள். அண்ணனுக்காக நாட்டை விட்ட பரதனும் அண்ணன் இறந்ததால் நாடு பெற்ற இருவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். வாலிக்குப் பின் சுக்கிரீவன் அரசன், வாலி மகன் அங்கதன் இளவரசன். கிட்கிந்தையில் செய்த அந்த ஏற்பாட்டை அத்தினாபுரத்தில் யாராவது யோசித்திருக்கலாம்.

ஜூன் 12

மூன்று நாளாக இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது எனக்குத் தோன்றுவதை எழுதுகிறேன். நாளைக்கு மாறலாம்.

இந்த வம்சங்களைக் காப்பாற்றியது மூத்தவன் விதி இல்லை. யாரோ ஒருவர் மனம் ஒப்பி விலகியதுதான். தேவாபி விலகினான். பாஹ்லீகன் அனுமதி கொடுத்தான். பீஷ்மர் சத்தியம் செய்தார். ராமனும் பரதனும் நாட்டை மாறி மாறித் தள்ளிவிட்டார்கள். நம் பக்கத்தில் இளங்கோ இருக்கிறார்: அரசனாகும் இலக்கணம் இளையவனுக்கு என்று நிமித்திகன் சொன்னதும், அண்ணன் செங்குட்டுவன் முகம் மாறியதைக் கண்டு துறவு பூண்டார் என்று சிலப்பதிகாரத்தின் வரந்தரு காதை சொல்கிறது.

திருதராஷ்டிரனை மட்டும் யாரும் கேட்கவில்லை. உனக்கு இல்லை என்று சொன்னார்கள். பிறகு பாண்டு காட்டுக்குப் போக, ஆள்கிற வேலை அவனிடமே வந்தது. உரிமை இல்லை, பொறுப்பு மட்டும் உண்டு. விலகவும் இல்லை, பெறவும் இல்லை. துரியோதனன் அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை.

ஜூன் 12, இரவு

நேற்றுவரை எனக்கு ஆதரவாக எழுதிய வாசகரே நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்: ‘யது மனம் ஒப்பி விலகவில்லையே? அவனைத் தள்ளித்தானே வைத்தார்கள்? ஏன் போர் இல்லை?’

யோசிக்க வேண்டிய கேள்வி. யதுவுக்குக் கிடைத்தது சாபம்: உன் சந்ததிக்கு அரசு இல்லை. அவன் சந்ததி அதை ஏற்றுக்கொண்டு வேறு வழி கண்டது என்று வேண்டுமானால் சொல்லலாம். கண்ணன் கம்சனைக் கொன்றபின் தான் சிங்காதனம் ஏறவில்லை, உக்கிரசேனனை உட்கார வைத்தான். பலராமனும் ஏறவில்லை. மனம் ஒப்பி விலகுவதைத் தகப்பன் செய்யாவிட்டால் பேரன்மாராவது செய்யலாம் போலிருக்கிறது. இதற்குமேல் இப்போது இழுக்க மாட்டேன்.

ஜூன் 13

யயாதி பெயர் ராமாயணத்திலும் வருகிறதா என்று கேட்டவருக்கு: ஆம், வால்மீகியின் பட்டியலிலும் நகுஷனும் யயாதியும் வருகிறார்கள். பாலகாண்டத்தில் கல்யாணப் பேச்சின்போது வசிட்டர் சொல்லும் வரிசையின் கடைசிப் பகுதி: அம்பரீஷன், நகுஷன், யயாதி, நாபாகன், அஜன், தசரதன். சூரிய வம்சத்துக்குள் சந்திர வம்சப் பெயர்கள். காளிதாசனின் ரகுவம்சத்தில் திலீபன், ரகு, அஜன், தசரதன் என்று நாலே தலைமுறை. இரண்டையும் ஒட்டவைக்க முயல வேண்டாம். பரம்பரை சொல்வது அந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டின் பெருமை சொல்வது. பதிலுக்கு ஜனகனும் தன் வீட்டு வரிசையைச் சொல்லி, தம்பி குசத்வஜனைச் சாங்காசியத்தில் அரசனாக்கியதையும் சேர்த்துக்கொள்கிறான். நாலு அண்ணன் தம்பிக்கு நாலு பெண்கள், இரண்டு ஜனகன் வீட்டில், இரண்டு அவன் தம்பி வீட்டில்.

ராமன் குலத்தின் பிற்கால அரசன் பிரகத்பலன் கோசலத்திலிருந்து வந்து கௌரவர் பக்கம் நின்று அபிமன்யு கையால் இறந்தான். சந்திர வம்சப் பிள்ளை கையில் சூரிய வம்ச அரசன்.

ஜூன் 15

கர்ணனை ஏன் தொடவில்லை என்று ஆறேழு பேர். தொடத் தயக்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

மூத்தவனுக்குப் பட்டம் என்ற விதியை முழு மனத்தோடு முன்வைக்கும் ஆள் கண்ணன், அதுவும் கர்ணனிடம். கன்னிப்பருவத்தில் பிறந்த மகனும் தாயை மணந்தவனுக்கே மகன், நீ பாண்டுவின் மூத்த மகன், வா, நீ அரசன், யுதிஷ்டிரன் உனக்கு இளவரசன். கர்ணன் மறுக்கிறான். மறுத்துவிட்டு ஒன்று கேட்டுக்கொள்கிறான்: இதை யுதிஷ்டிரனிடம் சொல்லாதே. தெரிந்தால் அவன் நாட்டை ஏற்கமாட்டான், என்னிடம் கொடுப்பான், நான் அதைத் துரியோதனனுக்குக் கொடுத்துவிடுவேன்.

விலகியவர்கள் வரிசையில் இவனையும் வையுங்கள். தேவாபியைவிடப் பெரிய விலகல். தேவாபிக்கு ஊர் சாட்சி. இவன் விலகியது அப்போது தம்பிகளுக்கே தெரியாது.

வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவன் நான். கர்ண மோட்சம் இரவில் ஊரே விழித்திருக்கும். அதைவிட எனக்கு நிற்பது படுகளம். களிமண்ணில் வீட்டு நீளத்துக்குத் துரியோதனன் படுத்திருப்பான். அம்மன் பக்கம் நின்று அத்தனை நாள் கும்பிட்ட பெண்கள், அவன் தொடை உடைந்ததும் அவனுக்காக ஒப்பாரி கேட்டு அழுவார்கள். என் பாட்டியும் அழுதிருக்கிறார். அவன் செத்ததற்கு ஏன் அழுகிறாய் என்று கேட்டேன். ‘பெத்தவ அழுவுறா, கேக்கலையா’ என்றார்.

ஜூன் 16

முதல் கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, ‘கடைசியில் துரியோதனன் பக்கம் சேர்ந்துவிட்டீர்களா’ என்கிறார். இல்லை. உங்கள் தீர்ப்பு சரி, காரணம் வேறு.

தருமன் கடைசியில் ஐந்து ஊர் கேட்டான். வாரணாவதம் போல நாலு ஊர் பெயர் சொல்லி, ஐந்தாவது எதுவாக இருந்தாலும் சரி என்றான். முடி சூடிய பாண்டுவின் மகன், ராஜசூயம் செய்தவன், அவ்வளவு தூரம் இறங்கி வந்தான். ஊசி முனை நிலமும் இல்லை என்றான் துரியோதனன். அவன் தகப்பனுக்கு நடந்தது அநியாயம் என்று நான் நினைக்கிறேன். அந்த ஐந்து ஊர் கேள்விக்கு அவன் சொன்ன பதிலோடு அந்த அநியாயத்தைக் காட்டி வாதாடும் தகுதியை இழந்தான். வயதைக் கணக்கெடுத்துத் தீர்ப்புச் சொன்னால் இது கண்ணில் படாது.

பங்கு போட்டால் தீரும் என்று அயோத்தி காட்டியது. உத்தர காண்டத்தில் குசனுக்குக் குசாவதி, லவனுக்குச் சிராவஸ்தி, பரதனின் மகன் தட்சனுக்குத் தட்சசீலம், புஷ்கலனுக்குப் புஷ்கலாவதி. லட்சுமணன், சத்துருக்கனன் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு நகரம். எட்டுப் பிள்ளைகள், எட்டு ஊர். அத்தினாபுரத்திலும் பங்கு போட்டார்கள், காண்டவப்பிரஸ்தக் காட்டைக் கொடுத்தார்கள். காடு நகரமானதும் பொறுக்கவில்லை.

ஜூன் 19

பாண்டவர் பக்கம் போரிட்ட யாதவன் சாத்தியகிக்கும் பூரிசிரவஸுக்கும் என்ன பகை என்று கேட்டவருக்கு. தேவகியின் சுயம்வரத்தில் வசுதேவனுக்காகத் தேவகியைத் தேரில் ஏற்றியவன் சினி, சாத்தியகியின் பாட்டன். எதிர்த்த சோமதத்தனை அரசர்கள் முன் கீழே தள்ளிக் காலால் உதைத்தான். சோமதத்தன் சிவனை வேண்டி, சினியின் வழியில் வந்தவனை அதேபோல உதைக்க ஒரு மகன் கேட்டான். பதினான்காம் நாள் பூரிசிரவஸ் சாத்தியகியைத் தள்ளி உதைத்தது அந்த வரம். அர்ஜுனன் அம்பு அவன் கையை வெட்ட, உண்ணா நோன்பில் உட்கார்ந்தவன் தலையைச் சாத்தியகி எடுத்தான்.

அதோடு முடியவில்லை. பிரபாசத்தில் யாதவர்கள் குடித்திருந்தபோது, போரில் கௌரவர் பக்கம் நின்ற யாதவன் கிருதவர்மன் இந்தக் கொலையைச் சொல்லிக் காட்டினான், சாத்தியகி அவனை வெட்டினான், யாதவ குலமே அடித்துக்கொண்டு அழிந்தது. பாட்டன் காலத்து உதை பேரன் காலத்தில் ஒரு குலத்தை முடித்தது.

ஜூன் 21

யாதவர்களில் யாரும் மிஞ்சவில்லையா என்று கேட்டிருந்தார்கள். மிஞ்சினான், வஜ்ரன். அநிருத்தன் மகன், கண்ணனின் கொள்ளுப்பேரன்.

பாண்டவர்கள் புறப்படும் முன் தருமன் செய்த ஏற்பாட்டை மகாபிரஸ்தானிக பருவத்தில் பாருங்கள். திரௌபதியின் ஐந்து பிள்ளைகளும் அசுவத்தாமன் கையால் போய்விட்டார்கள், தருமனின் மகன் பிரதிவிந்தியன் உட்பட. பரீட்சித்துக்கு அத்தினாபுரம். வஜ்ரனுக்கு இந்திரப்பிரஸ்தம், தான் காட்டை அழித்துக் கட்டிய சொந்த நகரம். பார்த்துக்கொள்ள யுயுத்சு: திருதராஷ்டிரனுக்கு வைசியப் பெண்ணிடம் பிறந்த மகன், போருக்கு முன்பே இந்தப் பக்கம் வந்தவன். இரண்டு பிள்ளைகளுக்கும் பெரியவளாகச் சுபத்திரை. அவளிடம் தருமன் சொல்கிறான்: உன் பேரன் குருக்களின் அரசன், யாதவர்களில் மிஞ்சிய வஜ்ரனும் அரசன், வஜ்ரனை நீ காக்க வேண்டும், அதர்மத்தில் மனம் வைக்காதே.

தன் பேரனுக்காக மற்றவன் பங்கில் கை வைத்துவிடாதே என்பதுதான் அந்தக் கடைசி வாக்கு என்று நான் படிக்கிறேன். ஐம்பது வயதுக்குமேல் படித்தால் அப்படித்தான் தெரியும் என்று வீட்டில் சொல்கிறார்கள். இருக்கலாம். யுயுத்சுவைப் பற்றிக் கேட்டவர்கள் பீஷ்ம பருவத்திலிருந்து ஆரம்பியுங்கள்.